எலும்பு அடுத்த பந்திக்கு

ஆலங்குடி மண்டப வாசலில் குட்டியானை வண்டி வந்து நின்றது. வழியெல்லாம் சமர்த்தாக நின்று வந்த கிடாய், இறங்கச் சொன்னதும் நான்கு காலையும் ஊன்றிக்கொண்டது. மேளக்காரர்கள் அடிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

அடைக்கலம் மச்சான் அதை இழுக்கவில்லை. பின்பலகையில் உட்கார்ந்து அதன் தாடையைத் தடவிக்கொடுத்தார்.

"எறங்குடா ராசா. ஒன் அத்த மகளுக்குக் காதுகுத்து. மொறைக்காரன் நீயே அடம்புடிச்சா எப்புடி?"

வாசலில் நின்ற பெண்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். கிடாய் இறங்கியது. சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டியிருந்தார். கொம்பில் மஞ்சள், கழுத்தில் சம்பங்கி மாலை. பக்கத்தில் போனால் முதலில் சீயக்காய் வாசமும், அப்புறம் அதற்குள்ளிருந்து கிடாய் வாசமும் வந்தது.

அடைக்கலம் என் மனைவி வள்ளிக்கண்ணுவின் அண்ணன். அவளுக்கு இருக்கும் ஒரே கூடப்பிறப்பு. அப்பா, அம்மா இரண்டு பேரும் போன பிறகு அவளைப் படிக்கவைத்து, நகை போட்டு, எனக்குக் கட்டிக்கொடுத்தவர். அந்த அண்ணனை அவளிடமிருந்து நான் எப்படிப் பிடுங்கினேன் என்பதைத்தான் இந்தத் தொடரில் இந்த வாரம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். விதி, காலம், கம்பெனி என்று யார் மேலாவது போட்டுவிடலாம்தான். ஆனால் செய்தவன் நான்.

மாட்டுக்கு என்ன வைப்பீங்க, இட்லியா?

துபாயில் ஒரு கேட்டரிங் கம்பெனியில் பத்து வருஷம் வெந்துவிட்டு ஊர் திரும்பியதைப் போன வாரம் சொன்னேன். அங்கே காய்கறியில் செய்த கறி, ஐஸ் பெட்டியில் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். வெள்ளைக்காரர்கள் அதை விழுந்து விழுந்து தின்பார்கள். நான் ஊருக்கு வந்து பார்த்தால், கீரமங்கலம் பக்கம் எங்கள் தோப்பில் பலாப்பிஞ்சு உதிர்ந்து மக்கிக் கிடக்கிறது. எறும்புகூடச் சீந்தவில்லை. எனக்குப் பொறி தட்டியது.

கம்பெனியின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் வக்கீல் நோட்டீஸ் வரும். நான் ஆரம்பித்த கம்பெனி, நான் யோசித்து வைத்த பெயர், அதை நான் எழுதக் கூடாதாம். என்ன பிழைப்பு பாருங்கள்.

தோப்புக்குள் ஒரு தகரக் கொட்டகைதான் முதல் தொழிற்சாலை. ஆறு பெண்கள் கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு பலாப்பிஞ்சை வெட்டுவார்கள். எண்ணெய் தடவாவிட்டால் அதன் பால் விரலோடு விரலை ஒட்டிவிடும். வெட்டியதை வேகவைத்து, பிழிந்து, நார் நாராகப் பிரித்து, கடலை மாவு சேர்த்துப் பிசைந்து மறுபடி ஆவியில் வேகவைப்போம். நான் சொல்வது பஜ்ஜிக்குப் போடும் கடலை மாவு இல்லை. செக்கில் எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் நிலக்கடலைப் பிண்ணாக்கைச் சுத்தம் செய்து அரைத்த மாவு.

அதைக் கேட்டுவிட்டு மச்சான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஏன் மாப்ள, மாட்டுக்கு வைக்கிறதத் தூக்கி மனுசனுக்கு வச்சுட்டா, மாட்டுக்கு என்ன வைப்பீங்க, இட்லியா?"

அவர் மணமேல்குடிப் பக்கம் ஆடு வளர்ப்பவர், வாங்கி விற்பவர். சந்தையில் ஆட்டின் முதுகுத்தண்டில் ஒரு தடவை கையை ஓட்டிவிட்டு, எத்தனை கிலோ கறி தேறும் என்று சொல்வார். தராசு அதற்கு மேலே கீழே போகாது. வாங்குகிறவனும் விற்கிறவனும் சண்டை போட்டுக்கொண்டால் "அடைக்கலத்தக் கூப்புடு" என்பார்கள். அவர் சொன்னால் இரண்டு பேரும் வாயை மூடிக்கொள்வார்கள்.

அப்படிப்பட்ட மனிதர் முதல் வருஷம் முழுக்க, வாரம் ஒரு தடவை, பஸ் ஏறி என் கொட்டகைக்கு வந்தார். நான் செய்ததைத் தின்று பார்த்துக் குறை சொல்வதற்காக.

"இது கறி இல்ல மாப்ள. காளானுக்கு மசாலாவ அப்பி வச்சுருக்கீங்க."

அடுத்த வாரம்: "இப்பப் பஞ்சுமிட்டாயா இருக்கு. கறின்னா பல்லோட கொஞ்சம் மல்லுக்கட்டணும்ல?"

அதற்கடுத்த மாதம்: "நாரு வந்துருச்சு. கொழுப்பு எங்க? தின்னு முடிச்சாலும் ஒதட்டுல ஒட்டிக்கிட்டே இருக்கணும். வெந்நி குடிச்சாத்தான் எறங்கணும்."

அவர் சொல்லச் சொல்ல நான் மாற்றினேன். தேங்காய் எண்ணெயையும் கடலை எண்ணெயையும் கலந்து உறையவைத்துக் கொழுப்பு மாதிரி உள்ளே வைக்கும் யோசனை அந்த "வெந்நி" வார்த்தையில்தான் பிறந்தது. கம்பெனியின் புத்தகத்தில் இதற்கெல்லாம் வேறு பெயர்கள், வேறு ஆட்கள் இருக்கிறார்கள். உண்மை இதுதான். அந்தக் கறிக்கு ருசி கொடுத்த நாக்கு அடைக்கலம் மச்சானுடையது.

பிரவீன் சார்

சென்னையிலிருந்து பிரவீன் வந்தார். முப்பது வயது இருக்கும். பணம் போடும் ஆட்களை அழைத்துவருவது அவர் தொழில். கொட்டகைக்குள் ஷூவோடு வந்து, பலாப்பாலில் ஷூ ஒட்டிக்கொண்டு, அதற்கும் சிரித்த நல்ல பையன். நான் இன்றைக்கும் அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவருக்கு எங்கள் முறை எதுவும் தெரியாது, அவ்வளவுதான். எனக்குத் தெரியும்.

மசாலாவைக் கடைசியாகச் சரிசெய்ய ஒரு பரிசோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோனார். மூன்று நான்கு மாதம் ஆனது. திரும்பி வந்த கறியைத் தின்றபோது எனக்கே தூக்கிவாரிப்போட்டது. அதை மட்டும் மச்சான் தின்று பார்க்கவில்லை. அந்தச் சமயம் அவர் ஆடுகள் குட்டி போடும் நேரம், வர முடியவில்லை.

"சார், இதைச் சைவம்னு சொல்லிக் கொடுத்தா ஆயிரம் குறை சொல்வாங்க. சொல்லாமக் கொடுக்கணும். அதுவும் கறியைப் பத்தி நல்லாத் தெரிஞ்சவங்களுக்கு. அதை வீடியோ எடுக்கணும்" என்றார் பிரவீன்.

அவரே தொடர்ந்தார்.

"உங்க பொண்ணுக்குக் காதுகுத்து வருதுன்னு சொன்னீங்கள்ல? உங்க மச்சான் ஆடு கொண்டுவருவார்னும் சொன்னீங்க. அந்த ஆட்டை வெட்டாம வச்சிருந்து, எல்லாரும் சாப்பிட்டதுக்கு அப்புறம் உயிரோட உள்ளே கூட்டிட்டு வந்தா எப்படி இருக்கும்?"

இங்கே கொஞ்சம் நிறுத்தி, வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். தாய்மாமன் கொண்டுவரும் கிடாய் வெறும் இறைச்சி இல்லை, சீர். அதை வெட்டிப் பந்தியில் போட்டால் அவர் சீரை ஏற்றுக்கொண்டோம் என்று அர்த்தம். உயிரோடு நிறுத்திவைத்தால், ஒன் சீரும் வேண்டாம், ஒன் உறவும் வேண்டாம் என்று அர்த்தம். எங்கள் பக்கத்தில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். துபாயில் இருந்ததில் மறந்துவிட்டது என்று நான் சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

தெரிந்தே எப்படிச் சம்மதித்தேன்? நானும் எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன். பிள்ளை மாதிரி வளர்த்த கிடாய், அது பிழைத்தால் மச்சான் உள்ளுக்குள் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். ஒரு நிமிஷம் கோபப்படுவார், அப்புறம் சிரித்துவிடுவார், எதற்கும் சிரிக்கிற மனிதர்தானே என்று நினைத்தேன். இதெல்லாம் பாதிதான். கம்பெனி பெரிதாக வேண்டும் என்கிற வெறி மீதிப் பாதி. வள்ளிக்கண்ணுவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் விளக்குமாற்றை எடுத்திருப்பாள்.

முதல் பந்தி

சீர் வந்த அன்று சாயங்காலமே கிடாயை மண்டபத்துப் பின்வாசல் வழியாகக் கம்பெனிக் கொட்டகைக்கு ஏற்றிவிட்டேன். வெட்டுகிற இடத்துக்குப் போய்விட்டது என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

சமையல் மாஸ்டருக்கு மட்டும் விஷயம் தெரியும். மனுஷன் மறுநாள் காலையிலிருந்து புலம்பிக்கொண்டே இருந்தார்.

"கறிக்கொழம்புல எலும்பு இல்லாட்டி, பந்தியில உக்காந்தவன் எந்திரிச்சு வந்து என் சட்டையப் புடிப்பான்."

"எலும்பு அடுத்த பந்திக்குன்னு சொல்லுங்க மாஸ்டர்."

"அடுத்த பந்தியில கேட்டா?"

"அதுக்குள்ள விசயத்தச் சொல்லிருவோம்."

"என்னமோ செய்யுங்க. எனக்கு இது நல்லதாப் படல" என்று கரண்டியைத் தேக்சாவில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

காலையில் மாமன் மடியில் உட்காரவைத்து என் மகள் யாழினிக்குக் காது குத்தினார்கள். குழந்தை அலறியது. மச்சானுக்குக் கண் கலங்கிவிட்டது. தோளில் கிடந்த புதுத் துண்டால் முதலில் அவள் கண்ணைத் துடைத்துவிட்டு, அப்புறம் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு வாழைப்பழத்தை உரித்து அவள் வாயில் வைத்தார்.

மதியம் முதல் பந்தி. மாமன் வீட்டாருக்கு முன்வரிசை. சுக்கா, கோலா உருண்டை, கறிக்குழம்பு. பிரவீனின் ஆட்கள் இரண்டு பேர் கேமராவோடு சுற்றினார்கள். விசேஷ வீடியோ என்று யாரும் கண்டுகொள்ளவில்லை.

மச்சான் சுக்காவை ஒரு வாய் வைத்தார். நான் தூண் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மென்றார். இன்னொரு வாய் எடுத்தார். பக்கத்து இலைக்காரரிடம் திரும்பினார்.

"பாத்தீங்களா, கை வச்சா பிரியுது."

கேமராக்காரப் பையன் குனிந்து, "கறி எப்புடிண்ணே?" என்று கேட்டான்.

"நான் வளத்த கெடாய்ல்ல தம்பி! கடக்கர ஓரத்துல உப்புக்காத்து பட்ட புல்லு தின்னு வளந்தது. இந்த ருசி வேற எந்தக் கெடாய்க்கும் வராது. கண்ணக் கட்டிவிட்டாலும் என் கெடாய நான் கண்டுபுடிச்சுருவேன்."

அவ்வளவுதான். பிரவீன் மைக்கைக் கையில் எடுத்துவிட்டார்.

"நீங்க சாப்பிட்டது ஆட்டுக்கறியே இல்லை" என்று அவர் சொன்னபோது முதலில் யாருக்கும் புரியவில்லை. பலாக்காய் என்றார். கம்பெனிப் பெயரைச் சொன்னார். பக்கக் கதவு திறந்தது. அதே சம்பங்கி மாலை, அதே மஞ்சள் கொம்போடு கிடாய் உள்ளே வந்தது. இலைகளுக்கு நடுவே நடந்து, நேராக மச்சானிடம் போய் அவர் தோளை முகர்ந்தது.

குழந்தைகள் கைதட்டினார்கள். பின்வரிசையில் யாரோ, "என்ன அடைக்கலம், கண்ணக் கட்டாமலே ஏமாந்துட்டியே!" என்று கத்தினார்கள். மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். வீடியோவில் இருக்கிறது, மறைக்க முடியாது.

மச்சான் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. கிடாயைப் பார்த்தார். தூக்குச் சட்டியோடு நின்ற தங்கச்சியைப் பார்த்தார். வள்ளிக்கண்ணுவின் முகம் செத்துப்போயிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான், அவளுக்கும் தெரியாது என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். என்னை அவர் பார்க்கவே இல்லை.

இலையை மடித்தார். நல்ல விருந்தில் இலையை நம் பக்கமாக மடிப்போம். சாவு வீட்டில்தான் எதிர்ப்பக்கமாக மடிப்பது. அவர் எதிர்ப்பக்கமாக மடித்தார். அவரைப் பார்த்து முன்வரிசை முழுக்க ஒன்றன்பின் ஒன்றாக இலைகள் எதிர்ப்பக்கமாக மடிந்தன. சிரிப்பு நின்றுபோனது.

கை கழுவிவிட்டு வந்து வள்ளிக்கண்ணுவிடம் மட்டும், "வாரேன் தாயி" என்றார்.

"அண்ணே, எனக்குச் சத்தியமாத் தெரியாதுண்ணே" என்று அவள் அவர் கையைப் பிடித்தாள்.

"தெரியும்த்தா. அழுவாத. விசேச வீடு."

கிடாய் வாசல் வரைக்கும் அவர் பின்னாலேயே போனது. "குடுத்த சீரத் திரும்பப் புடிச்சுட்டுப் போற வழக்கம் எங்க வீட்டுல இல்ல" என்று கயிற்றை மேளக்காரர் கையில் கொடுத்துவிட்டு வண்டி ஏறிவிட்டார்.

வளர்ச்சி

வீடியோ பிய்த்துக்கொண்டு போனது. இலை மடிக்கும் இடத்தை வெட்டிவிட்டு, "கண்ணக் கட்டிவிட்டாலும்" என்கிற இடத்தையும், கிடாய் நடந்து வரும் இடத்தையும் ஒட்டிப் போட்டிருந்தார்கள். சென்னை ஹோட்டல்கள் கேட்டன. துபாயில் நான் பாத்திரம் கழுவிய அதே கம்பெனி கேட்டது. தகரக் கொட்டகை போய், குளிர் அறைகளோடு தொழிற்பேட்டையில் பெரிய கட்டடம் வந்தது. தலையில் வலை மாட்டிய பெண்கள் மூன்று ஷிஃப்ட் வேலை பார்த்தார்கள். மேடைகளில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

அந்தக் கிடாய் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கொஞ்ச நாள் கம்பெனி வாசலில் கட்டிப்போட்டுப் படம் எடுத்தார்கள். அப்புறம் தீபாவளிக்குக் கம்பெனி ஆட்கள் வெட்டிப் பங்கு போட்டார்கள். எனக்கும் ஒரு பங்கு வந்தது. தின்றேன்.

மச்சானுக்கு நடந்ததை அவர் ஊர்க்காரர் ஒருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். சந்தையில் அவர் ஆட்டின் முதுகில் கை வைத்தால், "பாத்துச் சொல்லு அடைக்கலம், ஆடா பலாக்காயா?" என்று கேட்கிறார்களாம். முதலில் அவரும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறார். கேள்வி நிற்கவில்லை. விலைத் தகராறுக்கு அவரைக் கூப்பிடுவது நின்றது. அப்புறம் அவர் சந்தைக்குப் போவதும் நின்றது.

வள்ளிக்கண்ணு என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அந்த வீடியோவ எடுத்துருங்க. வேற ஒண்ணும் வேணாம். எங்கண்ணன் மூஞ்சிய எடுத்துருங்க."

பிரவீனிடம் சொன்னேன். "சார், அதுதான் சார் நம்ம பிராண்டே" என்றார். அன்றைக்குக் கம்பெனியில் என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. ஒரு அதட்டுப் போட்டிருந்தால் அன்றே எடுத்திருப்பார்கள். நான் அதட்டவில்லை. வீட்டுக்கு வந்து, "சொல்லிட்டேன், பாக்குறோம்னு சொல்லியிருக்காங்க" என்றேன். மண்டபத்தில் செய்ததையாவது புத்திகெட்டுச் செய்தேன் எனலாம். இதை நிதானமாகத்தான் செய்தேன்.

அப்புறம் என் பேச்சு எடுபடாத காலமும் வந்தது. புது ஆட்கள் வந்தார்கள். பலாக்காய் சீசனை நம்ப முடியாது என்று, எங்கிருந்தோ மூட்டையில் வரும் பட்டாணி மாவுக்கு மாறினார்கள். பலாப்பிஞ்சு விற்ற எங்கள் ஊர்க்காரர்கள் என் வீட்டு வாசலில் வந்து சத்தம் போட்டார்கள். போன வருஷம் என்னையும் மரியாதையாக வெளியே அனுப்பினார்கள். வரவேற்பறையில் என் படம் மட்டும் இன்னும் மாட்டியிருக்கிறதாம். உயிரோடு இருக்கிறவனுக்கு மாலை போடாத குறைதான்.

மாமன் வந்தார்

வருஷங்கள் ஓடி யாழினி பெரியவளானாள். முதல் தகவல் தாய்மாமனுக்குத்தான் போக வேண்டும். போனில் சொல்லக் கூடாது என்று வள்ளிக்கண்ணு தனியாக பஸ் ஏறி மணமேல்குடிக்குப் போனாள். காதுகுத்துக்குப் பிறகு அந்த வீட்டு வாசலை அவள் அன்றுதான் மிதித்தாள்.

சாயங்காலம் திரும்பி வந்தவள் முகத்தில் வெளிச்சம் இருந்தது. "அண்ணன் வாரேன்னுடுச்சு. 'மாமன் இல்லாம என் மருமகளுக்குச் சடங்கா'ன்னு கேட்டுச்சு" என்றாள். அன்று முழுக்க அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எனக்கும் நம்பிக்கை வந்தது. வீட்டு முன்னால் பந்தல் போட்டேன். நானே சந்தைக்குப் போய்க் கிடாய்கள் பிடித்து வந்தேன். எல்லார் கண் முன்னாலும் வெட்டவைத்தேன். எலும்பும் ஈரலுமாகக் குழம்பு கொதித்தது. மச்சான் இலைக்கு நான்தான் பரிமாறுவேன், காலில் விழச் சொன்னாலும் விழுவேன் என்று முடிவு செய்திருந்தேன்.

வேனில் முப்பது பேர் வந்து இறங்கினார்கள். மச்சானுக்குத் தலை நரைத்திருந்தது. பச்சை ஓலையில் குச்சுக் குடிசை கட்டினார். தட்டுகள், பட்டுப்புடவை, வெள்ளிக் கொலுசு, எதிலும் குறை வைக்கவில்லை. மாலை போட்டு யாழினி தலையில் கை வைத்து, "நல்லா இருத்தா" என்றார்.

பந்திக்கு ஆள் கூப்பிட்டபோது அவர்கள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். "நேரமாச்சு, போயிட்டு வாரோம்" என்று எல்லாரிடமும் சிரித்த முகமாகச் சொன்னார்கள். நான் நீட்டிய தண்ணீர்ச் செம்பை மச்சான் கையால் தொட்டுவிட்டு, அப்படியே பக்கத்துத் திண்டில் வைத்தார்.

வேன் கிளம்பிவிட்டது. வள்ளிக்கண்ணு ஓடி வந்தாள்.

"போய்க் கூப்புடுங்க. ஒரு வாயாச்சும் திங்கச் சொல்லுங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க."

பைக்கை எடுத்துக்கொண்டு அறந்தாங்கி ரோட்டில் விரட்டினேன். கொஞ்ச தூரத்திலேயே ஒரு கண்மாய்க்கரை, புளியமர நிழலில் வேன் நின்றது. பக்கத்தில் ஜமுக்காளம் விரித்து முப்பது பேரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவே இரண்டு பெரிய தூக்குவாளி. எல்லார் கையிலும் புளிச்சோற்றுப் பொட்டலம். காற்றில் நல்லெண்ணெய் வாசம் என் வரைக்கும் வந்தது. மச்சான் நின்றுகொண்டு, பிள்ளைகளுக்குத் துவையல் வைத்துக்கொண்டிருந்தார்.

முப்பது பேருக்குப் புளிச்சோறு கிளற வேண்டுமென்றால் விடிவதற்கு முன்பே அடுப்பு மூட்டியிருக்க வேண்டும். என் வீட்டில் கை நனைப்பதில்லை என்று அங்கேயே தீர்மானித்து, கட்டி எடுத்துக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள். மருமகளுக்குச் செய்ய வேண்டியதை ஒன்று விடாமல் செய்தார்கள். எனக்குச் செய்ய வேண்டியதையும் செய்துவிட்டார்கள்.

நான் கிட்டே போகவில்லை. மச்சான் ஒரு தடவை நிமிர்ந்து ரோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தாரா என்று தெரியாது. மறுபடி குனிந்து துவையல் வைக்க ஆரம்பித்தார். பைக்கைத் திருப்பினேன்.

வீட்டுக்கு வந்தபோது பந்தலில் பாதி இலைகள் காலியாகக் கிடந்தன. குழம்பின் மேல் கொழுப்பு உறைய ஆரம்பித்திருந்தது. வள்ளிக்கண்ணு அடுப்படியில் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"வண்டி போயிருச்சு. புடிக்க முடியல" என்றேன்.

"பொய் சொல்லாதீங்க" என்றாள். அவள் திரும்பவில்லை. "அண்ணி போறப்ப எனக்கும் ஒரு பொட்டலம் குடுத்துட்டுத்தான் போனாக. நீங்க கெளம்புன பெறகுதான் பிரிச்சேன், வழியில நின்னுதான திம்பாக."

அவள் மடியில் வாழையிலைப் பொட்டலம் பிரிந்திருந்தது. நான் வாசல்படியில் நின்றேன். அவள் நிதானமாக, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடித்தாள். உங்களுக்கு ஒரு வாய் வேணுமா என்று கேட்கவில்லை.